பக்கத்தில் ஒன்றும் இல்லாத நட்சத்திரம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? மலைக்கு வந்த புதிதில் மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது என்று எழுதியிருந்தேனே, அது நின்றுவிட்டது. சாப்பாடுதான் சகிக்கவில்லை. எதைக் கேட்டாலும் சூப்பில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

போன் வேண்டாம், கடிதமே எழுதுகிறேன். போனில் என் குரல் கேட்டால் அப்பா கண்ணாலேயே அறை முழுக்க என்னைத் தேடித் தவிக்கிறார் என்றாய். உன்னிடம் மட்டும் பேசலாம் என்றால் நீ "ம்" கொட்டியே தப்பித்துவிடுவாய். அதனால் இரண்டு தாள். பெரிய எழுத்தில் எழுதியது அப்பாவுக்கு, நீ படித்துக் காட்டு. இது உனக்கு.

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "வானத்தைப் பார்க்கிறாள்" என்று சொல்லி மானத்தை வாங்குகிறாயாம், சித்தி சொன்னாள். இனி ஒழுங்காகச் சொல். ஒரு குட்டி நட்சத்திரம். வயது இருபது லட்சம் வருடம். நட்சத்திரக் கணக்கில் தொட்டில் குழந்தை. அதைச் சுற்றித் தூசியும் வாயுவும் தட்டுப்போலச் சுழல்கின்றன. அந்தத் தட்டில்தான் கோள்கள் பிறக்கும். அதுவும் கொஞ்ச காலம்தான். தூசி கலைவதற்குள் சேர வேண்டியது சேர்ந்துவிட வேண்டும். அப்புறம் எத்தனை கோடி வருடம் காத்திருந்தாலும் சேராது.

தட்டைப் படம் பிடிப்பதுதான் தலைவலி. நட்சத்திரத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், தட்டு மங்கல். அதற்கு ஒரு வழி: அதே அளவு வெளிச்சம் உள்ள, பக்கத்தில் ஒன்றுமே இல்லாத இன்னொரு நட்சத்திரத்தையும் படம் எடுப்போம். இதிலிருந்து அதைக் கழித்தால் வெளிச்சம் போகும், தட்டு மட்டும் நிற்கும். அந்த இன்னொன்றுக்கு ஒப்பு நட்சத்திரம் என்று பெயர்.

அதற்கு நான் செல்லமாக வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? அண்ணா! அலட்டாது, மாறாது, எப்போது திரும்பிப் பார்த்தாலும் அதே இடத்தில் தேமே என்று நிற்கும். இப்போது கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். "இன்னிக்கு அண்ணாவை எடுத்தாச்சா?" என்று கேட்கிறார்கள், போ!

அப்பாவுக்கு முத்தம்.
உன் வாலு

பிப்ரவரி 3

என் அன்பு வாலுக்கு,

இங்கே இருவரும் நலம். சூப்பையாவது ஒழுங்காகக் குடி.

அப்பாவின் தாளை நான்கு தடவை படித்துக் காட்டினேன். இப்போது சட்டைப் பையில் இருக்கிறது, தொட விடுவதில்லை. வாதம் வந்த வலது கையைக் கொஞ்சம் தூக்குகிறார். பேச்சு அதே ஒரு வார்த்தைதான். "காபி வேணுமாப்பா?" "ஆமா." "வேணாமாப்பா?" "ஆமா." இப்படி ஒரு மனிதரோடு சண்டையே போட முடியாது என்பது ஒரு வசதி.

நல்ல செய்தி ஒன்று. அப்பாவுக்குப் புதுப் பல் செட் வந்துவிட்டது. பல் செய்யும் எங்கள் லேபில் என் எதிர்மேசையில் ஒருவர் இருக்கிறார் என்று முன்பே எழுதியிருக்கிறேன், பல்லின் நிறம் பார்ப்பதில் அவர்தான் எங்களில் கெட்டிக்காரர். மாதிரிப் பற்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இது சிரிக்காத ஆளோட பல்லு" என்று சும்மா ஏதாவது சொல்வார். அவர்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அளவெடுத்து, மெழுகில் பார்த்து, தேய்த்துச் செய்து தந்தார். கடைசி நாள் அப்பா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க, நானும் அவசரமா எங்கயும் போகல"ன்னார்.

இன்னொன்று. உனக்கு விடுமுறை சேர்ந்து கிடக்கிறது என்றாயே. ஏப்ரல், மே இரண்டு மாதம் வர முடியுமா? அப்பாவோடு நீ இருந்துகொள், எனக்குக் கொஞ்சம் வெளியே போய்வர வேண்டியிருக்கிறது. ஒரு விஷயம். எழுதினால் நன்றாக இருக்காது, நேரில் சொல்கிறேன்.

உன் நட்சத்திரத்துக்கு என் பெயர் வைத்ததற்கு நன்றி. தேமே என்று நிற்பதற்கும் ஒரு திறமை வேண்டும் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன்

பிப்ரவரி 26

அண்ணா! அண்ணா! அண்ணா!

சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. சரி, சுகமா? நானும் சுகம். இப்போது கேள்.

தட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது! ஒரு பக்கத்தில் கரண்டியால் அள்ளியதுபோல இருட்டாக ஓர் இடம். அந்த இடத்துத் தூசியை யாரோ தின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். யார் தின்பார்கள்? பிறந்துகொண்டிருக்கும் கோள்! இத்தனை சின்ன வயது நட்சத்திரத்தைச் சுற்றி இப்படி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. படம் திரையில் வந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடிவந்து, "என்னாச்சு, ஷாக் அடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

எங்கள் தலைவி மட்டும் வழக்கம்போல மூஞ்சியைச் சுளித்தார். "இன்னொரு ஒப்பு நட்சத்திரத்தை வெச்சும் கழிச்சுப் பாத்தியா?" என்றார். எதற்கு? ஐந்து வருடமாக இங்கே எல்லோரும் அண்ணாவைத்தான் வைத்துக் கழிக்கிறார்கள். அதைச் சுற்றி ஒன்றும் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். இன்னொன்றை எடுக்கத் தொலைநோக்கியில் இன்னொரு நாள் வாங்க வேண்டும், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் வேறு யாராவது இதே தட்டைப் பார்த்துவிட்டால்? "அண்ணாவை நம்பலாம் மேடம்" என்றேன். சரி என்றுவிட்டார்.

அதனால் ஏப்ரலில் வருவது நடக்காது, கோபித்துக்கொள்ளாதே. கட்டுரை எழுத வேண்டும். ஜூனில் கட்டாயம். வெளியே போக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டு அக்காவை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லேன், நல்ல மாதிரி ஆயிற்றே.

அப்பாவுக்குப் பல் செட் செய்து போட்டுவிட்டாயாமே, சபாஷ்! உன் கைவேலை என்றால் கேட்கவா வேண்டும்.

வாலு

மார்ச் 20

அன்பு வாலுக்கு,

நாங்கள் நலம். உன் பள்ளத்தைப் பற்றி லேபில் எல்லோரிடமும் சொன்னேன். "பல்லில் பள்ளம் விழுந்தால் அடைப்போம், இவள் கொண்டாடுகிறாள்" என்று முதலாளி சொன்னார். எனக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டியபோது "ஆமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பல் செட் நான் செய்ததில்லை. எதிர்மேசை செய்தது.

நேரில் சொல்லலாம் என்று நினைத்ததை எழுதிவிடுகிறேன், நாள் நெருங்குகிறது. எதிர்மேசை வேலையை விட்டுப் போகிறார். கடலோர ஊரில் அவருடைய மாமாவுக்கு ஒரு கடை இருக்கிறது. அதில் சொந்தமாக லேப் தொடங்குகிறார், ஜூன் தொடக்கத்தில் திறப்பு. போன வாரம் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு மேசை போடப்போறேன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல யாரு உட்காருவாங்கன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். நான் சரியென்று தலையாட்டினேனா, இல்லையென்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. அன்று ஒரே முன்பல்லுக்கு மூன்று தடவை நிறம் தப்பாகப் போட்டேன். வயது நாற்பத்து நான்கு, நினைத்துப் பார்.

அப்பாவை விட்டுவிட்டுப் போகிற எண்ணம் இல்லை. அங்கே கூட்டிப்போக முடியுமா, அவருக்கு ஏற்ற வீடு கிடைக்குமா, படி ஏற வேண்டாத இடத்தில் டாக்டர் இருக்கிறாரா என்று நான் ஒரு தடவை போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குத்தான் உன்னைக் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவால் அப்பாவைத் தூக்க முடியாது. மே மாதத்திலாவது ஒரு மூன்று வாரம் வந்தால் போதும்.

அப்பாவிடமே கேட்டேன். "நான் போகட்டுமாப்பா?" "ஆமா." "இங்கேயே இருக்கட்டுமா?" "ஆமா." நல்ல ஆளிடம் போய் யோசனை கேட்டேன்.

உன் வேலை பெரிய வேலை. அது தெரியும். இருந்தாலும் பார்.

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் உடம்பு, அப்பாவின் உடம்பு எப்படி? அங்கே வெயில் தொடங்கியிருக்குமே, அப்பாவுக்கு மோர் கொடு.

உன் கடிதத்தை அவசரமாகத்தான் படித்தேன், பதிலும் அவசரம்தான். அந்த எதிர்மேசைக்காரர் விவரமானவர்! சொந்தத் தொழில் தொடங்குகிறவருக்கு உன்னைப்போல ஒரு நல்ல கைவேலைக்காரன் கிடைத்தால் கசக்குமா? உனக்குத்தான் அது சரிப்படுமா என்று யோசி. இந்த வயதில் புது ஊர், புது இடம். அப்பாவுக்கு இந்தத் தெரு பழகிவிட்டது, டாக்டர் பழகிவிட்டார். இவ்வளவையும் பிடுங்கிக்கொண்டு போய் இன்னொரு மேசையில் உட்கார்ந்து அதே பல்லைத்தானே செய்யப்போகிறாய்? இங்கே செய்தால் என்ன?

உண்மையைச் சொல்கிறேன். நீ அங்கே இருக்கிறாய் என்பதால்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன். நீ மாறமாட்டாய் என்ற தைரியத்தில்தான் நான் உலகத்தின் இந்தக் கோடியில் வந்து நிற்கிறேன்.

மே முடியாது, அண்ணா. அந்த மாதம்தான் கட்டுரை போகிறது. ஜூன் கடைசியில் வருகிறேன். அப்போது உட்கார்ந்து பேசுவோம்.

வாலு

மே 17

அன்புள்ள அண்ணா,

சுகமா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து வரி இல்லை. வாரம் ஒரு தடவை தபால் வண்டி மேலே வரும்போது முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். அப்பாவுக்கு ஒன்றும் இல்லையே? கோபமா? கோபமென்றால் திட்டி எழுது, எழுதாமல் இருக்காதே.

கட்டுரையை அனுப்பிவிட்டோம். முதல் பெயர் என்னுடையது! ஒரு பத்திரிகைக்காரர் பேட்டி எடுத்தார். "இந்தக் கோளைக் கண்டுபிடிக்க யார் உதவினார்கள்?" என்று கேட்டார். "என் அண்ணா" என்றேன். நட்சத்திரத்தை அல்ல, உன்னைச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் எழுதிக்கொண்டார். நானும் திருத்தவில்லை, இருக்கட்டுமே.

ஜூன் கடைசி என்றேன் அல்லவா, அது ஆகஸ்டாகும்போல இருக்கிறது. அதே தட்டை இன்னொரு தடவை எடுக்க நாள் கிடைத்திருக்கிறது.

பதில் போடு.
வாலு

ஜூன் 28

அன்பு வாலுக்கு,

நாங்கள் இருவரும் நலம். கோபம் ஒன்றும் இல்லை. வேலை அதிகம், இப்போது ஓர் ஆள் குறைவு.

எதிர்மேசை போன மாத முடிவில் கிளம்பினார். பேருந்து நிலையம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். தன்னுடைய மாதிரிப் பற்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "உங்களுக்கு நிறம் பாக்கத் தெரியல, இதை வெச்சுப் பழகுங்க"ன்னார். வண்டி எடுக்க நேரமாகியது, பேச நிறைய நேரம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் டிரைவர் எப்போது வருவார் என்பதைப் பற்றியே பேசினோம்.

பத்திரிகையில் உன் படம் வந்திருந்தது. வெட்டி அப்பாவின் கட்டில் பக்கம் ஒட்டியிருக்கிறேன். இளைத்திருக்கிறாய்.

ஆகஸ்டில் வந்தாலும் சரி, எப்போது முடிகிறதோ அப்போது வா. இனி அவசரம் இல்லை.

அண்ணன்

ஆகஸ்ட் 22

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் நலம் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

பள்ளம் பொய். கோள் இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

இரண்டாவது தடவை எடுத்த படத்தில் பள்ளம் இடம் மாறியிருந்தது. கோள் நகர்கிறது என்று முதலில் குதித்தேன். கணக்குப் போட்டால் எந்தக் கோளாலும் அந்த வேகத்தில் போக முடியாது. அப்போதுதான் தலைவி பிப்ரவரியில் சொன்னதைச் செய்தேன், வேறு ஒப்பு நட்சத்திரத்தை வைத்துக் கழித்தேன். தட்டு முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு அண்ணாவின் படத்தைத் தனியாகத் திறந்து பார்த்தேன். இத்தனை நாளில் அதைத் தனியாக நான் பார்த்ததே இல்லை. கழிக்க மட்டும்தான் எடுத்திருக்கிறேன். அதன் பக்கத்தில், ஒட்டினாற்போல, மங்கலாக ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கிறது. பழைய கேமராவுக்கு அது எட்டியிருக்காது. இந்த வருடம் மாட்டிய புதுக் கேமரா பார்த்துவிட்டது, நான்தான் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லை என்று நம்பிக் கழித்தேன். அதன் பக்கத்தில் இருந்ததுதான் என் படத்தில் பள்ளமாக விழுந்திருக்கிறது. இரண்டாவது தடவை படம் எடுத்த கோணம் மாறியதால்தான் பள்ளமும் இடம் மாறியது.

தலைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே ரெண்டு எடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அறைக்கு வந்து அழுதேன். கட்டுரைக்காகத்தான் முதலில் அழுதேன், மறைப்பானேன். பிறகு உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன்.

எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார், அண்ணா. போன வருடக் கடிதங்களிலும் இருக்கிறார். குடை மறந்தது, ரேடியோவோடு சேர்ந்து தப்பாகப் பாடியது, அப்பாவின் பல். ரெண்டு மேசை. அதைப் போய் நான் வேலைக்கு ஆள் எடுக்கிறார் என்று படித்தேனே, என்னைப்போல ஒரு மண்டூகம் உண்டா? முட்டாள் நான், முட்டாள், முட்டாள். நீ எழுதியிருந்தாய். இதைவிட எப்படி எழுதுவாய் நீ?

அவர் உன்னைக் கேட்டாரா? நீ என்ன சொன்னாய்? இன்னும் நேரம் இருக்கிறதா? நான் இப்போதே வருகிறேன். வந்து அப்பாவோடு இருக்கிறேன், எத்தனை மாதமானாலும். நீ போ.

உன் தங்கை

செப்டம்பர் 15

அன்பு வாலுக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடு. தூங்கு. கட்டுரை போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம், உனக்கு என்ன வயதாகிவிட்டது?

கேட்டாய், சொல்கிறேன். கேட்டார். மார்ச்சில் மேசை என்று கேட்டார், ஏப்ரலில் மேசை இல்லாமலே கேட்டார். என் தங்கை ஜூனில் வருவாள், அதுவரை பொறுக்க முடியுமா என்றேன். பொறுத்தார். ஆகஸ்ட் என்று நீ எழுதியதையும் சொன்னேன். அதற்கு அவர், "உங்களுக்கு வரணும்னு இருக்கா, இல்ல தங்கச்சி வரணும்னு இருக்கா?" என்றார். நல்ல கேள்வி. பேருந்து கிளம்பிய பிறகுதான் எனக்குப் பதில் தெரிந்தது.

போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. லேப் நன்றாக நடக்கிறதாம். இரண்டாவது மேசைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். நல்லவராம், நிறம் பார்க்கத் தெரிந்தவராம். அப்பாவை விசாரித்திருந்தார். நான் வாழ்த்து எழுதிப் போட்டேன்.

இதில் உன் தப்பு பாதிகூட இல்லை. வாய்விட்டுக் கேட்க வேண்டிய இடத்தில் நான் சுற்றிவளைத்து எழுதிக்கொண்டிருந்தேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்ச நாள் இருந்தது. பிறகு போய்விட்டது.

அப்பாவின் பல் செட் கீழ்வரிசையில் லேசாக ஆடுகிறது. நானே சரிசெய்யலாம், பத்து நிமிட வேலை. அது அவர் கை வைத்தது, தேய்க்க மனம் வரவில்லை. தினமும் நாளைக்கு என்று தள்ளுகிறேன்.

ஒரு சந்தேகம். உன் அண்ணா நட்சத்திரம் பக்கத்தில் இருக்கிறதே அந்தச் சின்னது, அது அதோடு சேர்ந்ததா, இல்லை வேறெங்கோ போகிற வழியில் தற்செயலாகப் பக்கத்தில் தெரிகிறதா? தெரிந்தால் எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்

அக்டோபர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம், சாப்பிடுகிறேன். அப்பாவுக்குத் தனித்தாள் வைத்திருக்கிறேன்.

உன் சந்தேகத்துக்குப் பதில் தேடப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு பெரிய தொலைநோக்கியில் யாரோ வேறு எதற்கோ எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் ஓர் ஓரமாக அண்ணா இருக்கிறது, பக்கத்தில் அந்தச் சின்னதும் இருக்கிறது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அண்ணா வானத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சின்னதும் அதே அளவு, அதே திசையில் நகர்ந்திருக்கிறது. தற்செயல் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் போகின்றன. முன்பிருந்தே அப்படித்தான்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உனக்கு எது ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உள்ளதை எழுதிவிட்டேன்.

இனி யாரும் அதை ஒப்பு நட்சத்திரமாக வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நவம்பர் முதல் வாரம் வருகிறேன். ஆறு மாதம் விடுப்பு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். அப்பாவைத் தூக்க, குளிப்பாட்ட எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடு. நீ எங்கே போக வேண்டுமோ போய்விட்டு வா. எங்கேயாவது போ, அண்ணா. கடலைப் பார்த்துவிட்டாவது வா.

வாலு

அக்டோபர் 30

அன்பு வாலுக்கு,

இருவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. இரண்டும் சேர்ந்து போகின்றன என்று தெரிந்ததில் சந்தோஷம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நீ வருகிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஆமா" என்றார். உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஜன்னல் தாழ்ப்பாள் மட்டும் இறுக்கம், எண்ணெய் போட வேண்டும். கம்பளி கொண்டுவராதே, இங்கே இரண்டு இருக்கிறது. அப்பாவின் பல்லை நேற்றுச் சரிசெய்துவிட்டேன். இப்போது ஆடவில்லை.

எந்த நாள், எந்த வண்டி என்று எழுது. நிலையத்துக்கு வந்துவிடுகிறேன். விடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு வருகிறாய், எனக்குத்தான் இப்போது போவதற்கு இடம் எதுவும் இல்லை. நீ எப்போது வந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அண்ணன்